ஹைபிரிட் காருக்கு ரிமோட் ஸ்ராட்டர் பூட்ட முதல் ஆக்கள் விடுற பிழையள்

ஜனவரி மாசம் விடிய அஞ்சரைக்கு கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில ட்றைவேயில நிண்டு கார்க் கண்ணாடியில ஐஸ் சுரண்டின ஆக்களுக்கு நான் பெரிசா விளங்கப்படுத்தத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் குசினி ஜன்னலுக்குள்ளால ஒரு பட்டனை அமத்துவார், அவற்ற கார் உறுமிக்கொண்டு வெள்ளைப் புகை விடும், பத்து நிமிசத்தில கண்ணாடி தண்ணியா வழியும், நாங்கள் கையுறைக்குள்ள விரல் விறைக்க விறைக்க சுரண்டிக்கொண்டு நிப்பம். அந்த எரிச்சலிலதான் நானும் என்ர 2012 பிறியஸுக்கு (ரொயோட்டாவின்ர ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினும் பெரிய பற்றரியில ஓடுற மோட்டரும் சேந்த கார்) ஒரு ரிமோட் ஸ்ராட்டர் பூட்டினனான்.

பூட்டினதுக்கு அடுத்த நாள் மைனஸ் 18. குசினியில நிண்டு அமத்தினன், லைற் ரெண்டு தரம் மினுங்கிச்சுது, சந்தோசமா தேத்தண்ணி குடிச்சிட்டுப் பத்து நிமிசத்தால வெளிய போய்ப் பாத்தா கார் ஓன்ல இருக்கு, ஆனா கண்ணாடியில ஐஸ் அப்பிடியே சீமெந்து மாதிரிக் கிடக்கு, உள்ளுக்கு ஃபிரிஜ். கடைக்காரருக்கு ஃபோன் அடிச்சு ஏச வெளிக்கிட்டிட்டன். பிழை அவரில இல்லை. முதல் நாள் இரவு காரை நிப்பாட்டேக்க ஹீற்றரையும் ஃபானையும் ஓஃப் பண்ணிப்போட்டு இறங்கினது நான்.

இதுதான் முதலாவது பிழை, கனபேர் விடுறது. ரிமோட்டால கார் எழும்பேக்க நீங்கள் கடைசியா விட்டிட்டுப் போன செற்றிங்கிலதான் எழும்பும். இரவு இறங்க முதல் டீஃப்றொஸ்ட் பக்கம் திருப்பி, சூட்டைக் கூட்டி, ஃபானை ஓன்ல விட்டிட்டு இறங்கவேணும். இல்லாட்டி சூடு கேக்க ஆளில்லை எண்டு கார் நினைக்கும், எஞ்சின் தன்ர தேவைக்குக் கொஞ்சம் ஓடிப்போட்டு நிண்டிடும். சாதாரண காரில எண்டா எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், ஹைபிரிட்டில அப்பிடி இல்லை. சீற் ஹீற்றரும் அப்பிடித்தான், என்ர காரில அது வேற பட்டன், ரிமோட்டுக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை.

இதுக்குள்ள ஒரு அடிப்படை விசயம் இருக்கு. ரிமோட் ஸ்ராட்டர் எண்ட பேரே ஹைபிரிட்டுக்குப் பொருந்தாது. ரொயோட்டா ஹைபிரிட்டில பழைய கார் மாதிரி தனி ஸ்ராட்டர் மோட்டரே இல்லை. பிறேக்கை அமத்திப் பட்டனை அமத்தினா 12 வோல்ற் சின்னப் பற்றரி கொம்பியூட்டர்களை எழுப்பும், அவை பெரிய பற்றரியின்ர றிலேயை, அதாவது கறண்டை இணைக்கிற சுவிச்சை, மூடும், டாஷில றெடி எண்டு ஒரு பச்சை லைற் வரும், அவ்வளவுதான், கார் 'ஸ்ராட்'. எஞ்சின் சுத்தவேணுமெண்டா பெரிய பற்றரியில ஓடுற மோட்டர்தான் அதைச் சுத்திவிடும், என்ர பிறியஸில அந்தப் பற்றரி 201.6 வோல்ற். எப்ப எஞ்சின் ஓடவேணும் எப்ப நிக்கவேணும் எண்டதை கார்தான் முடிவெடுக்கும், நீங்களுமில்லை ரிமோட்டுமில்லை. அப்ப ஹைபிரிட்டுக்கு ரிமோட் பூட்டுறதெண்டா எஞ்சினை ஓட்டுறது இல்லை, காரை முழிக்கவைக்கிறது மட்டும்தான். இதை மனசில வச்சுக்கொண்டா மிச்சப் பிழையள் பாதி தானாக் குறையும்.

கோடையில இது நல்ல விசயம். ஏசி கொம்பிறசர் கறண்டில ஓடுறது, பெல்ற்றில இல்லை, ஜூலை வெயிலில எஞ்சின் அவ்வளவா ஓடாமலே காரைக் குளிராக்கலாம். வின்ரரிலதான் சிக்கல், ஏனெண்டா சுவரில செருகிச் சார்ஜ் பண்ணாத சாதாரண ஹைபிரிட்டில சூடு கிட்டத்தட்ட முழுக்க எஞ்சின் கூலன்ற்றில இருந்துதான் வருகுது. சின்ன எலக்ட்ரிக் ஹீற்றர் ஒண்டு உதவிக்கு இருக்கும்தான், ஆனா மைனஸ் 18 இல அது காணாது.

அடுத்தது மொடியூல், அதாவது ரிமோட்டைக் காரின்ர கொம்பியூட்டரோட இணைக்கிற பெட்டி. மலிவா ஒரு யூனிவேர்சல் கிற் எடுத்துக்கொண்டு தெரிஞ்ச பெடியனிட்டப் போறது. பழைய முறையில வேலை செய்யிற கிற், எஞ்சின் சுத்துதோ இல்லையோ எண்டு எஞ்சின் சுத்துற வேகத்தைச் சொல்லுற ஆர்பிஎம் சிக்னலைப் பாத்துக்கொண்டிருக்கும். ஹைபிரிட்டில கார் றெடிக்கு வந்தும் எஞ்சின் சும்மா இருக்கலாமெல்லோ, உடன கிற் 'ஐயோ ஸ்ராட் ஆகேல்லை' எண்டு நினைச்சுத் திருப்பியும் பட்டனை அமத்தும், அந்த அமத்தலில ஓன்ல இருந்த கார் ஓஃப் ஆகும். எனக்குத் தெரிஞ்ச ஒராள் தன்ர றாவ்4 ஹைபிரிட் ஓன் ஓஃப் ஓன் ஓஃப் எண்டு மினுங்கிக்கொண்டு நிண்டதைப் பாத்துப் பேய் பிடிச்சிட்டுதாக்கும் எண்டு சொன்னார். உங்கட காரின்ர வருசம், மொடல், ஹைபிரிட் எண்ட மூண்டுக்கும் சரியாப் புறோகிராம் பண்ணினதா இருக்கவேணும், றெடி நிலையைக் காரின்ர கொம்பியூட்டர் லைனில இருந்தே வாசிக்கிறதா இருக்கவேணும். இந்த மொடியூல் செய்யிற ஃபோர்ட்டின், ஐடேற்றாலிங்க் ரெண்டும் கியூபெக் பக்கக் கம்பனியள்தான், எந்தக் காருக்கு எது எண்டு மொடல்வாரியாப் பட்டியல் போட்டிருக்கினம். கடைக்காரர் 'எல்லாத்துக்கும் ஒண்டுதான் அண்ணை' எண்டு சொன்னா நன்றி சொல்லிப்போட்டு வந்திடுங்கோ. இன்னுமொண்டு கேளுங்கோ, கதவைத் திறந்தவுடன கார் ஓஃப் ஆகுமோ, இல்லாட்டி திறப்போட ஏறிப் பிறேக்கை அமத்தினா அப்பிடியே ஓடலாமோ எண்டு. கம்பனி ரிமோட்டிலயே சில மொடல்களில கதவு திறந்தா நிண்டிடும், அது தெரியாம ஏறி இருந்து கோபப்படுற ஆக்கள் இருக்கினம்.

பொனற் சுவிச்சையும் சொல்லவேணும். பொனற் திறந்திருந்தா ரிமோட்டால கார் எழும்பக்கூடாது எண்டதுக்கு ஒரு சின்னச் சுவிச் வாறது, நேரம் மிச்சம் பிடிக்கச் சில பேர் அதைப் பூட்டுறேல்லை. வேற காரைவிட ஹைபிரிட்டில இது மோசம், சத்தமே இல்லாம நிக்கிற காரில கை வச்சிருக்கேக்க எஞ்சின் திடீரெண்டு சுத்தினா விரல் போயிடும். அதே மாதிரி செம்மஞ்சள் நிற வயரை ஆரும் தொடக்கூடாது, அது ஹை வோல்ற்றேஜ். ரிமோட் வேலை முழுக்க 12 வோல்ற் பக்கம்தான், பூட்டுறவர் செம்மஞ்சள் கிட்டப் போறார் எண்டா அவருக்கு ஹைபிரிட் தெரியாது.

இப்ப திறப்புக் கதை. கனடாவில 2007 செப்ரெம்பருக்குப் பிறகு வந்த கார்களுக்கு இம்மொபிலைசர் (சரியான திறப்பு இல்லாட்டி காரை எழும்பவிடாத கருவி) கட்டாயம், அதைத் தாண்டாம ரிமோட் வேலை செய்யாது. ஒழுங்கான மொடியூல் அதைக் கொம்பியூட்டர் வழியாச் செய்யும். சில பேர் செய்யிற குறுக்குவழி, உங்கட ரெண்டாவது திறப்பை வேண்டி டாஷுக்குள்ள ஒளிச்சு வச்சு ரேப் சுத்திவிடுறது. தயவுசெய்து விடாதேங்கோ. பட்டன் அமத்தி ஓடுற காருக்குள்ள நிரந்தரமா ஒரு திறப்பு கிடக்கு எண்டா என்ன அர்த்தம், கண்ணாடியை உடைச்சு உள்ள வாறவனுக்கு நீங்களே திறப்பைக் கையில குடுக்கிறியள். ரொறன்ரோ பக்கம் ஹைலாண்டரும் றாவ்4உம் லெக்ஸஸ் ஆர்எக்ஸும் எப்பிடிக் களவு போகுதெண்டு தெரியும்தானே, ஹெட்லைற் வயரால கொம்பியூட்டர் லைனுக்குள்ள பூந்து எடுக்கிற அளவுக்கு வந்திட்டாங்கள், அதுக்குள்ள இது வேற.

நான் உண்மையாப் பயப்பிடுற விசயம் கராஜ். வீட்டோட ஒட்டின கராஜுக்குள்ள காரை விட்டு, கதவை மூடிக்கொண்டு ரிமோட்டை அமத்துறது. சாதாரண கார் எண்டா உறுமுற சத்தத்தில வீட்டுக்குள்ள இருக்கிற ஆருக்காவது தெரியவரும். ஹைபிரிட் சத்தமில்லாம நிக்கும், கொஞ்சத்தால பற்றரி குறைய, இல்லாட்டி சூடு தேவைப்பட எஞ்சின் தானா எழும்பும், அப்ப நீங்கள் மேல குளிச்சுக்கொண்டிருப்பியள், காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. இது சும்மா வெருட்டல் இல்லை, பட்டன் ஸ்ராட் கார்களை ஓஃப் பண்ண மறந்து கராஜில விட்டு அமெரிக்காவில கனபேர் செத்தாப்பிறகுதான் ரொயோட்டா 2020 மொடல்களில இருந்து கார் தானா ஓஃப் ஆகிற வசதியைப் போடுறதெண்டு 2019 இல அறிவிச்சது. பொக்கற்றுக்குள்ள கிடந்து ரிமோட் தவறி அமத்துப்படுறதும் நடக்கிறது. கராஜுக்குள்ள விடுற ஆள் எண்டா உங்களுக்கு ரிமோட் ஸ்ராட்டரே தேவையில்லை, அங்க கண்ணாடியில ஐஸ் பிடிக்காது. வெளியில விடுற ஆக்கள் ஸ்னோ கொட்டினாப்பிறகு புகைக்குழாய் மூடுப்பட்டிருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.

காசைச் சும்மா கொட்டுற பிழை ஒண்டும் இருக்கு, ஏற்கனவே இருக்கிறதைத் திருப்பி வேண்டுறது. றாவ்4 பிறைம், பிறியஸ் பிறைம் மாதிரிச் செருகுற ஹைபிரிட் வச்சிருந்தா திறப்பிலயோ அப்பிலயோ ரிமோட் கிளைமற் இருக்கு, கறண்டில சூடாக்கிற ஹீற் பம்ப் இருக்கு, சுவரில செருகியிருக்கேக்கையே சூடாக்கலாம். அதுக்கு வெளியால ஒண்டைப் பூட்டுறது விசர் வேலை. சாதாரண ரொயோட்டா ஹைபிரிட்டிலயும் கனக்க மொடல்களில திறப்பிலயே ஒளிஞ்சிருக்கு: லொக், லொக், மூண்டாவது தரம் லொக்கை மூண்டு செக்கனளவு அமத்திப் பிடியுங்கோ. வயரை வெட்ட முதல் இதை ஒருக்காச் செய்து பாருங்கோ. ஆனா அதுக்கும் சந்தா முடியுதோ எண்டு டீலரிட்டக் கேட்டுவைக்கிறது நல்லது, 2021 டிசம்பரில அமெரிக்காவில இதுதான் பெரிய கதையா ஓடினது, இலவசக் காலம் முடிஞ்சவுடன கையில இருக்கிற திறப்பு ரிமோட்டே வேலை செய்யாதாம் எண்டு சனம் கொதிச்சது.

பெற்றோல் கணக்கும் பாக்கவேணும். மைலேஜுக்கெண்டு ஹைபிரிட் வேண்டிப்போட்டு விடிய இருபது நிமிசம் நிப்பாட்டி வச்சு எஞ்சினை ஓடவிட்டா வேண்டினதுக்கு என்ன பிரயோசனம். மூண்டு லீற்றர் எஞ்சின் பத்து நிமிசம் சும்மா ஓடினா 300 மில்லிலீற்றர் போகுமெண்டு கனடா இயற்கைவள அமைச்சு சொல்லுது, எங்கட எஞ்சின் சின்னன், அவ்வளவு போகாது, ஆனா சும்மாவும் இல்லை. ரொறன்ரோ சிற்றிச் சட்டத்தில ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஒரு நிமிசத்துக்கு மேல எஞ்சினைச் சும்மா ஓடவிடக்கூடாது. என்னைக் கேட்டா, ட்றைவேயில பிளக் இருக்கிற ஆக்கள் முதல்ல புளொக் ஹீற்றர் (எஞ்சினைக் கறண்டில சூடாக்கிறது) பூட்டுங்கோ. ஒரு ரைமரும் போட்டு வெளிக்கிட ரெண்டு மணித்தியாலம் முந்தி ஓன் ஆகவிட்டாக் காணும், இரவு முழுக்கத் தேவையில்லை. எஞ்சின் ஏற்கனவே இளஞ்சூட்டில இருந்தா ரிமோட்டால மூண்டு நாலு நிமிசம் காரை ஓன்ல விட்டாலே சூடு வரும், கண்ணாடியும் இளகும். அப்பாட்மென்ற் பார்க்கிங்கில வெளிய விடுற ஆக்களுக்குப் பிளக் கிடைக்காது, அவைக்கு ரிமோட் பெறுமதியானதுதான், நான் இல்லையெண்டேல்லை.

கடைசியா 12 வோல்ற் பற்றரி. ஹைபிரிட்டில பெரிய பற்றரி எவ்வளவு நிறைஞ்சிருந்தாலும் அந்தச் சின்னது செத்தா கார் எழும்பாது. ரிமோட் இரவு பகலா சிக்னலுக்குக் காத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும், பிழையாப் பூட்டினா நல்லா உறிஞ்சும். அஞ்சாறு வருசப் பற்றரி எண்டா பூட்டமுதலே ரெஸ்ற் பண்ணுங்கோ. வொறன்ரியும் பாருங்கோ, கனடாவில ரொயோட்டா ஹைபிரிட் பற்றரிக்கு 2020 மொடலில இருந்து 10 வருசம் இல்லாட்டி 240,000 கிலோமீற்றர் இருக்கு, வெளிக்கடை வயரால வந்த பழுதுக்கு அது வராது, அதால பூட்டினவர் தன்ர வேலைக்கு என்ன காரண்டி தாறார் எண்டதைக் கடுதாசியில வேண்டுங்கோ.

நான் இப்ப இரவில டீஃப்றொஸ்டை வச்சிட்டுத்தான் இறங்குறனான், விடிய ஏழு நிமிசம் காணும். மனிசி காரைக் கொண்டுபோய் வந்த அண்டைக்கு மட்டும், எல்லாத்தையும் ஓஃப் பண்ணித் திருத்தமா நிப்பாட்டி வச்சிருப்பா. அதுக்காகச் சுரண்டியையும் பின் சீற்றில வச்சிருக்கிறன்.