மஞ்சளடித்த ஹெட்லைற்: பல்ப்பை விடுங்கள், மூடியைப் பாருங்கள்

இரவில் ஆனையிறவு தாண்டி ஏ9 வீதியில் போகும்போது நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு கிட்டப் போனபிறகுதான் தெரிகிறது என்றால், நம்மவர்கள் உடனே செய்வது கூடிய வோட்ஸ் பல்ப் வாங்கிப் போடுவது. வேண்டாம். ஹெட்லைற்றின் முன்பக்க மூடி மங்கியிருந்தால் பின்னாலிருந்து எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் அது ரோட்டில் விழாமல் நாலு பக்கமும் சிதறும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும், உங்களுக்கு மாடு அப்போதும் தெரியாது. 60/55 வோட்ஸ் போட வேண்டிய இடத்தில் 100 வோட்ஸ் போட்டால் சூட்டில் வயரும் ஹோல்டரும் உருகவும் கூடும்.

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக். வெயிலின் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது என்பதால் தொழிற்சாலையிலேயே மேலே மெல்லிய பூச்சு ஒன்று அடித்து அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு தேய்ந்து உரிந்ததும்தான் மஞ்சளும் மங்கலும். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் தனியாருக்குத் திறந்தது, அதனால் இங்கே ஓடுகிற விற்ஸ், வாகன் ஆர், அல்ற்ரோ கார்கள் பல வயதானவை, முகத்தைப் பார்த்தாலே தெரியும். (ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது இல்லை. அது அசல் கண்ணாடி, சான்ட் பேப்பரோடு கிட்டப் போகாதீர்கள்.)

முதலில் ஒரு சின்னச் சோதனை. மூடியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் பழுது வெளிப்பக்கத்தில், தேய்த்தால் சரிவரும். நனைந்தும் மங்கலாகவே இருந்தால், அல்லது உள்ளே நீர்த்துளி நின்றால், வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை.

பற்பசையால் தேய்த்தால் போதும் என்று எல்லோரும் கதைக்கிறார்கள். அது ஒரு மெல்லிய பொலிஷ், அவ்வளவுதான், கொஞ்சம் பளிச்சென்று காட்டிவிட்டுத் திரும்ப மங்கிவிடும். நுளம்பு கடிக்காமல் உடம்பில் பூசும் மருந்தால் தேய்ப்பது அதைவிட மோசம், பிளாஸ்ரிக்கின் மேல்தோலையே இளக்கிவிடும். தின்னர், பெற்றோலும் அப்படித்தான், மயிர் மயிராக வெடிப்பு விழும்.

ஹாட்வெயார் கடையில் தண்ணீரில் தேய்க்கும் சான்ட் பேப்பர் 800, 1000, 1500, 2000 நம்பர்களில் வாங்குங்கள், கூடவே மாஸ்கிங் ரேப். காரை நிழலில் விட்டு, மூடியைச் சவர்க்காரம் போட்டு வடிவாகக் கழுவுங்கள். ஒரு செம்மண் துகள் பேப்பருக்கு அடியில் சிக்கினாலும் ஆழமாகக் கீறிவிடும். சுற்றியுள்ள பெயின்ற் விளிம்புக்கு ரேப்பை இரண்டு பட்டாக ஒட்டுங்கள், கை ஒருமுறை வழுக்கினாலே பெயின்ற் போய்விடும்.

பழைய பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தால் 800இல் தொடங்குங்கள், வெறும் மஞ்சள் என்றால் 1000 போதும். பேப்பரையும் மூடியையும் ஈரமாகவே வைத்துக்கொண்டு 800ஐ இடவலமாகத் தேய்த்தால் அடுத்ததை மேல்கீழாகத் தேயுங்கள், அப்படி மாற்றி மாற்றிப் போனால்தான் முந்தின பேப்பரின் கீறல் முழுதும் போனதா என்று கண்ணுக்குத் தெரியும். முதலில் வடிகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும், பிறகு பால் மாதிரி வெள்ளையாகும். வெள்ளையாகும்வரை முதல் நம்பரை விடாதீர்கள், கெதியாக அடுத்ததற்குத் தாவினால் மஞ்சள் திட்டுகள் அப்படியே நிற்கும். இந்தக் கட்டத்தில் லைற் முன்பைவிடக் கேவலமாக, பனி பிடித்தது போலத் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை.

இனித்தான் முக்கியமான இடம், பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். தேய்த்ததோடு பழைய பாதுகாப்பும் போய்விட்டது, வெறும் பிளாஸ்ரிக் வெயிலில் நிற்கிறது. பொலிஷ் போட்டுப் பளபளப்பாக்கி அப்படியே விட்டால் சில மாதத்தில் பழையபடி. யூவி, அதாவது புற ஊதாக் கதிர், தாங்கும் கிளியர் கோட் (நிறமில்லாப் பூச்சு) ஸ்பிரே அடிக்கத்தான் வேண்டும். அப்படி அடிப்பதாக இருந்தால் 2000க்குப் பிறகு பொலிஷ் போடாதீர்கள், அதன் எண்ணெய்ப் பசையில் கோட் பிடிக்காது. நுண்ணிய கீறல்களைக் கோட்டே நிரப்பித் தெளிவாக்கிவிடும். மர வேலைக்கு விற்கிற சாதாரண வார்னிஷ் ஸ்பிரே வாங்க வேண்டாம், அதுவே மஞ்சளாகும். ஹார்ட்னர் கலந்த டூ-கே வகை நெடுநாள் நிற்கும், ஆனால் அதன் புகை நுரையீரலுக்குக் கூடாது, துணி மாஸ்க் காணாது, அதைப் பெயின்ற் அடிக்கிறவரிடமே கொடுப்பது நல்லது.

அடிக்கும் முன் கடைசியாகக் கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம்முடைய சுண்ணாம்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், அதன்மேல் கோட் அடித்தால் புள்ளி உள்ளேயே கிடக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் போதும். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு ஒருமுறை துடைத்துவிடுங்கள். காரின் மற்ற இடங்களைப் பேப்பரால் மூடிவிட்டு, ஒரு சாண் தூரத்தில் இருந்து மெல்லிதாக இரண்டு மூன்று தரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நிமிடம் விட்டு அடியுங்கள். ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தால் வடியும்.

சோளகம் வீசுகிற நாளில் வெளியே நின்று அடித்தால் தூசி முழுக்க அதில்தான் ஒட்டும், வாடை மழைக் காலத்திலோ ஈரத்தில் கோட் வெளுத்துப்போகும். காற்று எழும்ப முன், காலையில் போர்ட்டிகோவுக்குள் வைத்துச் செய்யுங்கள். ரேப்பைக் கோட் முழுதாக இறுகும் முன் மெதுவாக உரியுங்கள், பிந்தினால் ஓரம் சேர்ந்து கிழியும். ஸ்பிரே ரின்னில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.