பிள்ளைகளோடு ஊருக்குப் போகும்போது

முதல் தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனபோது மூன்று கிழமையில் 26 வீடுகளுக்குப் போயிருக்கிறோம். எண்ணியது என் மூத்தவள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சோடா, ஒரு தட்டு பிஸ்கட், "என்னைத் தெரியுதோ?" என்ற கேள்வி. திரும்பி வந்தபின் ஊர் எப்படியிருந்தது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "நிறையக் கதிரைகள்" என்றாளாம். அடுத்த தடவை வாகனமும் அறையும் நாங்களே பிடித்து, எங்கள் இஷ்டத்துக்குச் சுற்றினோம். வெளிநாட்டிலிருந்து அப்படிப் போக நினைக்கிறவர்களுக்குத்தான் இது.

சொந்தக்காரரைச் சமாளிப்பதுதான் இதில் பெரிய வேலை. விசா, வாகனம் எல்லாம் அதற்குப் பிறகு. அறை எடுத்துத் தங்கப்போகிறோம் என்பதை வந்திறங்கிய பிறகு சொன்னால் மனத்தாங்கல்தான். டிக்கெட் எடுத்த அன்றே சொல்லிவிடுங்கள். "பிள்ளைக்கு ஏசி இல்லாமல் நித்திரை வராது" என்றால் யாரும் மறுத்துக் கதைப்பதில்லை, பாதிப் பொய்தான் என்றாலும். போய்ச் சேர்ந்த அன்றோ மறுநாளோ குடும்பத்தில் மூத்தவர் வீட்டுக்குப் போய் இருந்து சாப்பிட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, ஊர்க்கோயிலில் ஒரு நாள் பொங்கலும் அன்னதானமும் வைத்து எல்லாரையும் அங்கே வரச்சொல்வது. பெரியம்மா, மாமா, அம்மாவின் பழைய பள்ளித்தோழி என்று எல்லாரையும் ஒரே பந்தியில் கண்டாயிற்று. பிள்ளைகளும் கோயில் வீதியில் மச்சான் மச்சாள்மாரோடு ஓடி விளையாடினார்கள். நடக்க முடியாத முதியவர்களை மட்டும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம்.

சரி, இனிக் கடதாசி வேலை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போகிறவர்கள், பிள்ளைகள் உட்பட, பயணத்துக்கு முன்னரே இணையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். தேடினால் அரசாங்கத் தளம் போலவே தோற்றம் காட்டும் தரகர் தளங்கள் நிறைய வரும். முகவரியில் அரசாங்கத்துக்குரிய 'கவ் டொட் எல்கே' (gov.lk) இருக்கிறதா என்று பார்த்தபிறகே கடனட்டையை எடுங்கள். விசா விதிகளும் கட்டணமும் அண்மைக்காலத்தில் அடிக்கடி மாறியிருப்பதால், டிக்கெட் எடுக்கும்போது ஒருதடவை, வெளிக்கிடும் கிழமை ஒருதடவை பார்ப்பது நல்லது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையும் மறக்காமல் கொண்டுபோக வேண்டும். தாயோ தகப்பனோ தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

வெளிநாட்டுப் பள்ளி விடுமுறை பெரும்பாலும் ஆடி, ஆவணியில்தான் விழும். அப்போது வடக்கில் மழை இல்லை, வெயில் உச்சியில் நிற்கும், சோளகக் காற்று புழுதியை வாரியடிக்கும். நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள் நடப்பதும் அந்தக் காலத்தில்தான். அறை வாடகை ஏறிவிடும், ஆனால் ஊர் களைகட்டியிருக்கும். கடற்குளிப்புக்கு அந்த மாதங்களில் கிழக்குக் கரை அமைதி, தெற்கும் மேற்கும் கொந்தளிப்பு. மார்கழி விடுமுறையில் போனால் இது தலைகீழ். வடக்குக்கும் கிழக்குக்கும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாரி மழை, கூடவே நுளம்பு.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய கையோடு வானில் ஏறி, விடிய யாழ்ப்பாணத்தில் நிற்கலாம் என்று பலர் நினைப்பார்கள். நாங்களும் ஒருதடவை அப்படிப் போனோம். வவுனியா தாண்டியதும் சாரதியின் தலை சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, முறிகண்டி வரைக்கும் நான் அவரோடு கிரிக்கெட் கதைத்துக்கொண்டே போனேன். எனக்கு அது பிடிபடாத சங்கதி. இருட்டில் தார்ச் சூட்டுக்கு மாடுகள் றோட்டிலேயே படுத்திருக்கும். நீர்கொழும்பில் ஓர் இரவு படுத்தெழும்பி, காலையில் வெளிக்கிடுங்கள். பகலில் ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும். ரயிலில் போக விரும்பினால் முன்பதிவு இல்லாமல் குடும்பத்தோடு ஏறாதீர்கள். பாதை வேலையால் சேவை நிற்கும் காலங்களும் உண்டு, முதலில் விசாரியுங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் இருக்கிறது.

முறிகண்டிப் பிள்ளையாரை எந்த வாகனமும் நிற்காமல் கடப்பதில்லை. இறங்கி, கால் கழுவி, தேங்காய் உடைத்து, சுடச்சுடக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறுங்கள். ஆனையிறவு தாண்டி முகமாலைப் பக்கம் வரும்போது மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அது என்னவென்று சொல்லிக்கொடுங்கள். மிதிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடந்த பகுதி அது. அங்கே 'ஒன்றுக்கு' என்று பற்றைக்குள் விடவே கூடாது.

வாகனத்தைச் சாரதியோடு பிடிப்பதே நிம்மதி. நாளுக்கு எவ்வளவு, எத்தனை கிலோமீற்றர் வரைக்கும், அதற்குமேல் ஓடினால் என்ன கணக்கு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்று வாட்ஸப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பி, கடைசி நாளில் விமான நிலைய வாசலில் நின்று கணக்குச் சண்டை பிடித்த அனுபவம் எங்களுக்கு இருக்கிறது. பட்டணத்துக்குள் ஓட்டோவை பிக்மீ செயலியில் கூப்பிடலாம். மச்சானின் மோட்டார்சைக்கிளைக் கேட்டு வாங்கி ஓடாதீர்கள்; வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் அங்கே செல்லாது, விபத்தென்றால் காப்புறுதியும் கைவிடும்.

ஒரு நாளை நெடுந்தீவுக்கு ஒதுக்குங்கள். எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் கதைப்பது அந்த நாளைத்தான். விடியப் புறப்பட்டு, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போக வேண்டும். படகு ஏறுமுன்பே திரும்பிவரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். ஒரு மணித்தியாலக் கடல். பயணிகளோடு சிமெந்து மூட்டையும் கோழிக்கூடும் வரும். உயிர்காப்பு அங்கி கொடுப்பார்கள், பிள்ளைகளுக்கு இறுக்கிக் கட்டிவிடுங்கள். அந்தப்பக்கம் இறங்கியதும் சுற்றிக்காட்ட வாகனக்காரர்கள் நிற்பார்கள். சீமெந்தே இல்லாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், உயரம் குறைந்த கட்டையான குதிரைகள், உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கமரம் (பாவோபாப்), இடிந்த கோட்டை. என் இளையவன் அந்தப் பொந்துக்குள் போய் வெளியே வரமாட்டேன் என்று நின்றான். நிழல் குறைவு, தண்ணீரும் தொப்பியும் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுபோங்கள். நேரம் குறைவென்றால் அதே துறையிலிருந்து கால் மணித்தியாலத்தில் நயினாதீவு. நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பலாம்.

நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். 13 வயதுப் பையனுக்கு இது வாசலில் வைத்துச் சொல்லுகிற விஷயமல்ல. எங்கள் வீட்டில் அரை மணித்தியாலம் பேச்சுவார்த்தை நடந்தது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான், குத்திக்காசு வைத்திருங்கள்.

கிழக்குக்கு வந்தால், திருகோணமலையில் இரண்டு இரவாவது தங்குங்கள். நிலாவெளிக் கடலில் ஆடி மாதத்தில் சின்னப் பிள்ளையும் பயமில்லாமல் நிற்கலாம். கோணேசர் கோயில் படியில் மான்கள் கையிலிருப்பதைப் பறித்துத் தின்னும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. புறாத்தீவு, சிகிரியா போன்ற இடங்களில் வெளிநாட்டவருக்குத் தனி விலை. எங்கள் தமிழையோ நிறத்தையோ பார்த்துக் குறைக்கமாட்டார்கள், கடவுச்சீட்டுத்தான் கணக்கு. நாலு பேருக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதும், இராணுவ முகாமை நோக்கிக் கமெராவைத் திருப்புவதும் வீண் வில்லங்கம். ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடக்கூடாது.

உடம்பு விஷயத்தில் இரண்டைச் சொல்லவேண்டும். நாய் கடித்தாலோ கீறினாலோ, சின்னக் காயம்தானே என்று விடாமல் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே அரசாங்க வைத்தியசாலைக்கு ஓடுங்கள்; விசர்நாய்த் தடுப்பூசி அங்கே கிடைக்கும். காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம், பரசிற்றமோல் தவிர வேறு நோவுக் குளிசை கொடுக்காமல் இரத்தம் சோதியுங்கள்.

கொண்டுபோகிற பெட்டியில் சொக்லேட்டைக் குறையுங்கள், உருகி எல்லாவற்றிலும் ஒட்டும். கோடாலித் தைலத்துக்குத்தான் இன்னமும் மவுசு. திரும்பும்போது பனங்கட்டி, ஒடியல், அம்மம்மா இடித்த மிளகாய்த்தூள் எல்லாம் ஏறும். தூளை இரண்டு பையில் கட்டி டேப் சுற்றுங்கள். கருவாடு, விதை, கன்று விஷயத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அவுஸ்திரேலியாவில் கடும் கெடுபிடி. சுங்கப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதிவிட்டால், மிஞ்சிப்போனால் கருவாடுதான் போகும்.