பக் நிறைஞ்ச ஆர்பிஜி கேமை உருப்படியா விமர்சிக்கிறது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் எனக்குத் தெரிஞ்ச பசங்க சில பேரு காலேஜ் படிச்சுக்கிட்டே ராத்திரி முழிச்சு ஆர்பிஜி கேம் (ஒரு கதாபாத்திரமா கதைக்குள்ள போய் விளையாடுறது) பண்றாங்க, பண்ணி முடிச்சதும் ஜிப் ஃபைலை டிரைவ்ல ஏத்தி "அண்ணே விளையாண்டு பாத்துட்டு சொல்லுங்கண்ணே"ன்னு லிங்க் அனுப்புவாங்க. அதுக்குப் போற பதிலைப் பாத்தா பெரும்பாலும் ரெண்டு வகைதான், ஒண்ணு "சூப்பர் தம்பி, கலக்கிட்ட", இன்னொண்ணு "ஒரே பக்குடா, ஆரம்பத்துலயே மூடிட்டேன்". இந்த ரெண்டை வச்சு அவன் ஒரு கதவைக்கூட சரி பண்ண முடியாது. தூக்கத்தைக் கெடுத்து ஒருத்தன் பண்ணினதுக்கு ஒழுங்கான விமர்சனம் கிடைக்கணும், அதை எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. பக், அதாவது கேம் தப்பா ஓடுற இடம், அதோட லிஸ்ட் வேற, விமர்சனம் வேற, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. வெள்ளைப் பணியாரம் எண்ணெய் குடிச்சுருச்சுன்னா சூட்டைப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிரலாம், மாவே சரியில்லன்னா அது வேற பேச்சு. பக் கண்ணுக்குத் தெரியும், யார் வேணா சொல்லலாம். ஆனா இருக்கிற பக் எல்லாத்தையும் சரி பண்ணினதுக்கு அப்புறமும் இந்த கேம் விளையாட நல்லாருக்குமாங்கிற கேள்வி இருக்குல்ல, அதுக்கு பதில் சொல்றதுதான் விமர்சகனோட வேலை, பண்ணினவனுக்கு தனியா உக்காந்து கண்டுபிடிக்க முடியாததும் அதுதான்.

எனக்கு வந்த ஒரு கேமை வச்சே சொல்றேன், இன்னும் வெளிய வரல, அதனால பேரு வேணாம். 1942ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ள வந்தப்ப எல்லாத்தையும் விட்டுட்டு ஊர் திரும்பின ஒரு ஐயா, பல வருஷம் கழிச்சு இறந்து போறாரு, பெட்டகத்துச் சாவியைக் காணோம், பேரன் கானாடுகாத்தான் பக்கத்துல பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வர்றான். முகப்புல நுழைஞ்சு வளவு (தூண் வச்ச நடு முற்றம்), ரெண்டாம் கட்டு, அடுப்படின்னு ஒவ்வொரு கட்டா திறந்துக்கிட்டே அடுத்த தெருவுல இருக்கிற பின்வாசல் வரைக்கும் போகணும். ஆர்பிஜி மேக்கர் எம்இசட்ங்கிற எஞ்சின்ல பண்ணினது, எஞ்சின்னா கேம் உருவாக்குற சாஃப்ட்வேர். ஐடியாவைக் கேட்டதுமே எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா நம்ம வீடுங்களோட அமைப்பே ஒரு கேம் மேப்தான், ஒரு தெருவுல தொடங்கி அடுத்த தெருவுல முடியுது.

விளையாட உக்கார்றதுக்கு முன்னாடி பண்ணினவன்கிட்ட மூணு விஷயம் கேட்டு வாங்கிருங்க. எந்த எஞ்சின், எதுவரைக்கும் முடிஞ்சிருக்கு, எதைப் பத்தி கருத்து வேணும். மூணாவது ரொம்ப முக்கியம், சண்டை சிஸ்டம் இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்குன்னு அவனே சொல்லிட்டான்னா நீங்க அதைப் பத்தி நாலு பக்கம் எழுதுறது வீண் வேலை. அப்புறம் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் போட்டுருங்க. விண்டோஸ்லயே விண்டோஸ் கீ, ஆல்ட், ஆர் மூணையும் சேத்து அமுக்கினா ரெக்கார்ட் ஆகும், இல்லன்னா ஓபிஎஸ்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கிடைக்குது. ரெக்கார்டிங் இல்லாம "எங்கயோ மாட்டிக்கிச்சு தம்பி"ன்னு சொன்னா அவன் எங்கன்னு போய் தேடுவான்.

முதல் தடவை நோட்ஸ் எடுக்காதீங்க. சாதாரணமா விளையாடுற ஆள் மாதிரி விளையாடுங்க, எங்க சலிப்பு தட்டுது, எங்க நிமிந்து உக்காந்தோம்னு அப்பத்தான் தெரியும், ரெண்டாவது தடவை அந்த உணர்ச்சி வராது. ரெண்டாவது தடவைதான் உடைக்கிறதுக்காக விளையாடணும். பேச வேண்டிய ஆள்கிட்ட வரிசை மாத்திப் பேசுங்க, சாவியை எடுக்கிறதுக்கு முன்னாடியே கதவுகிட்ட போங்க, டயலாக் ஓடும்போது மெனு பட்டனை அமுக்குங்க, ஒவ்வொரு தூண் மேலயும் முட்டிப் பாருங்க, கதவைத் தாண்டின உடனே சேவ் பண்ணி கேமை மூடித் திறங்க.

அந்த கேம்ல வளவுல இருந்து ரெண்டாம் கட்டுக்குப் போற கதவைத் தாண்டினா பேரன் நேரா ஒரு தூணுக்குள்ள போய் நிப்பான், நாலு பக்கமும் நகர முடியாது. இதை எப்படி எழுதணும்னா இப்படி (பில்ட்னா கேமோட எந்தப் பதிப்புங்கிறது): "பில்ட்: டிரைவ்ல கடைசியா போட்ட ஜிப். இடம்: வளவு, வடக்குக் கதவு. செஞ்சது: ஆச்சிகிட்ட பேசாம நேரா கதவுக்குப் போனேன். நடந்தது: ரெண்டாம் கட்டுல இடது பக்கத்து முதல் தூணுக்குள்ள வந்து நிக்குது, நகரல, மெனு மட்டும் திறக்குது. எதிர்பார்த்தது: கதவுக்கு முன்னாடி தரையில நிக்கணும். ஆச்சிகிட்ட பேசிட்டுப் போனா வராது, பேசாம போனா ஒவ்வொரு தடவையும் வருது. சேவ் ஃபைலும் வீடியோவும் கூட அனுப்பிருக்கேன்." அவ்வளவுதான், இதுல கோவமும் வேணாம் கிண்டலும் வேணாம். பேசினா வராது பேசாட்டி வருதுங்கிற அந்த ஒரு வரிலயே அந்த இடத்துல ரெண்டு ஈவெண்ட் (இங்க வந்தா இது நடக்கணும்னு எழுதி வைக்கிற கட்டளை) இருக்கு, அதுல ஒண்ணுல போய் நிக்கிற இடம் தப்பா குறிச்சிருக்குன்னு பையனுக்குப் புரிஞ்சிரும். கேம் ஃபோல்டருக்குள்ளயே சேவ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை அப்படியே ஜிப் பண்ணி அனுப்புங்க, அதுல பாதி வேலை மிச்சம்.

இந்த பக் வெறும் மாட்டிக்கிறது மட்டும் இல்ல. எம்இசட்ல ஆட்டோசேவ் ஆன் பண்ணி வச்சிருந்தா மேப் மாறின உடனே சேவ் ஆயிரும், அதாவது தூணுக்குள்ள நிக்கிறதே சேவ் ஆகுது, தனியா கையால சேவ் பண்ணி வைக்காதவன் மறுபடி முகப்புல இருந்துதான் தொடங்கணும். அதனால லிஸ்ட்ல எது மேல எது கீழன்னு வரிசை போட்டுக் கொடுங்க. சேவை நாசம் பண்றது முதல்ல, மேல போக விடாதது அடுத்து, கணக்கு தப்பா வர்றது அதுக்கு அடுத்து, எழுத்துப்பிழை கடைசி. முப்பது பக்கையும் ஒரே மூட்டையா கொட்டினா பையன் ஈஸியா இருக்கிற எழுத்துப்பிழையை சரி பண்ணிட்டு தூணை அப்படியே விட்டுருவான்.

எஞ்சின் பத்தி கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கங்க, கோட் எழுதத் தெரியணும்னு இல்ல. ஸ்க்ரீன் உறைஞ்சு நிக்குது, பாட்டு மட்டும் ஓடுதுன்னா ஆர்பிஜி மேக்கர்ல பெரும்பாலும் தானா ஓடுற ஆட்டோரன் ஈவெண்ட் முடிஞ்சதும் அதை நிறுத்துற ஸ்விட்சை மாத்த மறந்திருப்பாங்க, புதுசா பண்றவங்க எல்லாரும் விழுற குழி இது. அடுத்தது பாஸ், அதாவது பெரிய எதிரியோட சண்டை, அடிச்சா டேமேஜ் 0ன்னே வரும், அதை பக்குன்னு எழுதிராதீங்க. அந்த எஞ்சின்ல டீஃபால்ட் ஃபார்முலா என்னன்னா அடிக்கிறவனோட அட்டாக்கை 4ஆல பெருக்கி அதுல இருந்து வாங்குறவனோட டிஃபென்ஸை 2ஆல பெருக்கிக் கழிக்கிறது. பேரனோட அட்டாக் 20, பாஸோட டிஃபென்ஸ் 45ன்னா 80ல 90 போகாது, 0தான் வரும். டிஃபென்ஸை 45ல இருந்து 30க்கு இறக்கினா சுமார் 20 டேமேஜ் விழும். இப்படி நம்பரோட சொல்லிட்டா ஒரு நிமிஷத்துல சரியாயிரும், "பாஸ் ரொம்ப கஷ்டம்"னு எழுதினா அவன் பேரனுக்கு நாலு மருந்து சேத்துக் கொடுத்துட்டு சும்மா இருப்பான்.

தமிழ் எழுத்து உடையறதையும் இதே மாதிரி பாருங்க, நம்ம கேம்ல இது தீராத தலைவலி. மெசேஜ் பாக்ஸ்ல எழுத்து ஒண்ணொண்ணா வர்ற மாதிரி வச்சிருப்பாங்க, யூனிகோட்ல "கொ"ங்கிறது "க"வும் அதுக்கான குறியும்னு ரெண்டா சேமிக்கிறது, எஞ்சின் அதைத் தனித்தனியா வரைஞ்சா "க" ஒரு பக்கம் நிக்கும், பக்கத்துல புள்ளிவட்டத்தோட கொம்பும் காலும் அந்தரத்துல தொங்கும். ஆச்சி என்ன பேசுறாங்கன்னே தெரியாது. இதுக்கு "தமிழ் கூட ஒழுங்கா எழுதத் தெரியல"ன்னு பையனைத் திட்டுறவங்களைப் பாத்திருக்கேன், ரொம்ப தப்பு, அவன் சரியாத்தான் டைப் பண்ணிருக்கான். ஆர்பிஜி மேக்கர்ல வரியை மொத்தமா ஒரே நேரத்துல காட்டச் சொல்ற கோட் இருக்கு, அதைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. கோடாட்ங்கிற இன்னொரு எஞ்சினை யூஸ் பண்றவங்கன்னா அதோட 3ல தமிழ் சரியா சேராது, 2023ல வந்த 4ல சேரும், மாறச் சொல்லலாம்.

இப்ப விமர்சனத்துக்கு வருவோம். பக் எல்லாம் சரியாயிருச்சுன்னே வச்சுக்கங்க, தூண் விலகிருச்சு, எழுத்து சேந்துருச்சு, பாஸ் சாகுறான். இப்ப கண்ணை மூடிக்கிட்டு கேமை முதல்ல இருந்து மனசுல ஓட்டிப் பாருங்க. என்ன மிச்சம் இருக்கு? அந்த கேம்ல எனக்கு மிச்சமா நின்னது ஒரே ஒரு இடம்தான். பட்டாலையில ஐயாவோட ரெண்டு பேரேடு (கணக்குப் புத்தகம்) கிடைக்கும், ஒண்ணு ரங்கூன் கடைக் கணக்கு, இன்னொண்ணு வீட்டுக் கணக்கு, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு வரவு மட்டும் ஒத்துப் போகாது, அந்தத் தேதியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா எந்தப் பெட்டகம்னு தெரியும். அந்த இடத்துல நான் பேப்பர் எடுத்து கணக்கு எழுதினேன், அவ்வளவு நல்ல புதிர். ஆனா அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன பண்றோம்? வௌவால் அடிக்கிறோம். நடக்க நடக்க வௌவால், அந்த எஞ்சின்ல சராசரியா 30 அடிக்கு ஒரு சண்டைன்னு டீஃபால்ட்டா இருக்கும், அதை மாத்தவே இல்ல, அடுப்படி போய் வர்றதுக்குள்ள மறுபடி மறுபடி அதே வௌவால், அதே அடி.

அதனால நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "தம்பி, உங்க கேம்ல பேரேடு வர்ற அந்த இடம்தான் கேமே. வௌவாலுக்கும் ஐயாவுக்கும் பெட்டகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆர்பிஜின்னா சண்டை இருக்கணும்னு வச்சிருக்கீங்கன்னு தோணுது. சண்டையைப் பாதிக்கு மேல எடுத்துட்டு ஒவ்வொரு கட்டுலயும் ஒரு கணக்குப் புதிர் வச்சா கதையும் விளையாட்டும் ஒண்ணாயிரும். சண்டை வேணும்னு நீங்க நினைச்சா அது பங்காளித் தகராறாவோ கடன்காரன் பேச்சாவோ இருக்கட்டும்." பாத்தீங்களா, இதுல ஒரு பக் கூட இல்ல. தூணை சரி பண்ணினா போதும்னு இருந்த பையனுக்கு இதைப் படிச்சதும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா ரெண்டு நாளு சும்மா இருந்துட்டு அப்புறம் அவனே போன் பண்ணி "அண்ணே அடுப்படில உக்கிராணக் கணக்கு வைக்கலாமாண்ணே"ன்னு கேட்டான்.

பாராட்டும்போதும் இதே அளவு குறிப்பா சொல்லுங்க. கூரை, மரம், தெரு எல்லாம் எஞ்சினோட வர்ற வெளிநாட்டு கிராமத்துப் படம்தான், அதைக் குறை சொல்றதுல பிரயோஜனமில்ல, தனி ஆளு எவ்வளவுதான் வரைவான். ஆனா வளவுத் தரையை மட்டும் அவனே வரைஞ்சிருந்தான், 48க்கு 48 பிக்சல் கட்டத்துல ஆத்தங்குடிக் கல், ஒரு கல்லுல மூலைக்கு ஒரு கால் பூ, நாலு கல்லு சேர்ற இடத்துல முழுப்பூ ஆகும். நிஜ ஆத்தங்குடிக் கல்லுலயும் அப்படி டிசைன் உண்டு, கண்ணாடி மேல கலர் ஊத்தி கையால பண்றது. "கிராபிக்ஸ் நல்லாருக்கு"ன்னு எழுதினா எந்த கிராபிக்ஸ்னு அவனுக்குத் தெரியாது. தரை நல்லாருக்கு, அதே கையோட தூணையும் கதவு நிலையையும் வரைங்கன்னு எழுதினா அடுத்த மாசம் என்ன வரையணும்னு தெரிஞ்சிரும்.

வசனத்தை சத்தமா வாசிச்சுப் பாருங்க. "பேரனே, நீ எங்கே செல்கிறாய்"னு எந்த அப்பத்தா கேப்பாங்க நம்ம ஊர்ல? அந்த வரியைக் காட்டி, உங்க வீட்டு அப்பத்தாகிட்ட இதே காட்சியைச் சொல்லி அவங்க என்ன கேப்பாங்களோ அதை எழுதுங்கன்னு சொல்லுங்க. நீங்களா மாத்தி எழுதிக் கொடுக்காதீங்க, அது அவன் கேம். மியூசிக் பத்தி, சத்தம் கூடக் குறைய இருந்தா ஒரு வரி போதும்.

பெரிய கம்பெனி கேமோட ஒப்பிடாதீங்க. சைபர்பங்க் 2077 2020 டிசம்பர்ல வந்தப்ப பக் தாங்காம சோனி அதை தன்னோட ஆன்லைன் கடைல இருந்தே எடுத்து வச்சுச்சு, அவ்வளவு பேரு சேந்து பண்ணினதுக்கே அந்த நிலைமை. அதே நேரம் நம்ம ஊர் பையன்கிறதுக்காக குறையை மறைக்கிறதும் அவனுக்குப் பண்ற துரோகம்தான், காசு வாங்கி விக்கப் போற நாள்ல தெரியாத ஆளு இதைவிட மோசமா சொல்லுவான். பத்துக்கு இத்தனைன்னு மார்க்கும் போடாதீங்க, மார்க்கைப் பாத்துட்டா கீழ எழுதினதை யாரும் படிக்க மாட்டாங்க.

முதல்ல தனியா அவனுக்கு அனுப்புங்க, விமர்சனம் மேல, பக் லிஸ்ட் கீழ. பொதுவுல எழுதுறதா இருந்தா அவன் வெளியிட்ட பில்டைப் பத்தி மட்டும் எழுதுங்க, எந்த பில்ட்னு போடுங்க. புது பில்ட் வந்ததும் பழைய சேவ் ஃபைல் அதுல திறக்குதான்னு முதல்ல பாத்துருங்க, அப்புறம் நியூ கேம் போட்டு நீங்க சொன்ன பக் ஒவ்வொண்ணையும் அதே வரிசையில செஞ்சு பாத்து, போயிருச்சு, போகல, புதுசா வந்துருக்குன்னு எதிர்ல குறிச்சு அனுப்புங்க.