கப்பல் புள்ளியைப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில் எங்கள் பந்திங் வட்டாரத்தில் செம்பனை எண்ணெய் லோரிகள் கிள்ளான் துறைமுகம் போவது பழைய காட்சி. இப்போது தோட்டத்துப் பிள்ளைகளும் அதே வழியில் போய்க் கப்பலேறுகிறார்கள். நான் எண்ணெய்க் கப்பல்களில் மாலுமியாக இருந்தவன் என்பதால், போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, மகன் கப்பல் ரெண்டு நாளா ஒரே இடத்துல நிக்குது. ஏதும் ஆயிருச்சா?" அவர் கை நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கு அவசியமே இல்லை.

கைப்பேசி வரைபடத்தில் தெரியும் கப்பல் புள்ளி, ஏஐஎஸ் என்ற கருவி அனுப்பும் செய்தி. அது கேமராவும் இல்லை, ரேடாரும் இல்லை. கப்பல் தன்னைப் பற்றித் தானே வி.எச்.எஃப் ரேடியோவில் சொல்வது: என் பெயர் இது, என் எண் இது, இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன். ஓடும் பெரிய கப்பல் 2 முதல் 10 விநாடிக்கு ஒரு முறை சொல்லும், நங்கூரம் போட்டிருந்தால் 3 நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒரு நிமிடத்தை 2250 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கருவியும் தனக்கொரு துண்டைப் பிடித்துக்கொள்ளும். மலாக்கா நீரிணை போன்ற நெரிசலிலும் ஒன்றின் பேச்சை இன்னொன்று அமுக்காமல் இருப்பது இதனால்தான். வெளிநாடு போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும் எல்லாப் பயணிகள் கப்பல்களுக்கும் 2004 டிசம்பர் 31-லிருந்து இது கட்டாயம்.

சரி, அக்காவின் பயத்துக்கு வருவோம். வி.எச்.எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கப்பலுக்குக் கப்பல் 20 கடல் மைல் எட்டினாலே நல்லது. உயரமான கரை ஆண்டெனா கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். சுமத்ராவின் வட முனையைத் தாண்டி வங்கக் கடலுக்குள் போய்விட்டால் கேட்பதற்குக் கரை இல்லை. செயற்கைக்கோள் கேட்கும், ஆனால் அந்தத் தகவலுக்குப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். இலவச வரைபடம் கடைசியாகக் கேட்ட இடத்திலேயே புள்ளியை நிறுத்தி வைத்திருக்கும். இலங்கையின் தெற்கே போகும்போது மறுபடி தெரியும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். புள்ளியைத் தொட்டால் 'கடைசியாகக் கிடைத்த நேரம்' வரும். முதலில் அதைப் பாருங்கள்.

போகும் துறைமுகத்தின் பெயரை முழுதாக நம்புவதும் தவறுதான். அது கப்பலில் ஒருவர் கையால் தட்டுவது. பழைய துறைமுகத்தின் பெயரை மாற்ற மறந்துவிடுவார்கள். எண்ணெய்க் கப்பல்களில் 'ஃபார் ஆர்டர்ஸ்' என்று போட்டிருந்தால் முதலாளியின் உத்தரவுக்குக் காத்திருக்கிறது என்று பொருள். 'நங்கூரத்தில்' என்று காட்டிக்கொண்டே 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் ஓடும் கப்பலையும் பார்க்கலாம், அதுவும் கையால் மாற்ற வேண்டிய விவரம். ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு, அதனால் பெயரை வைத்துத் தேடாமல் ஏழு இலக்க ஐ.எம்.ஓ எண்ணை மகனிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் கொடியும் மாறினாலும் அந்த எண் மாறாது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர்கள்தான். மோரிப் பக்கமும் கேரித் தீவுப் பக்கமும் சிறு ஃபைபர் படகில் போகிறார்கள். கைப்பேசியைப் பார்த்து, "கிட்டத்தில் கப்பல் இல்லை" என்று நிம்மதியாகத் தூண்டில் போடுகிறார்கள். அந்தப் படம் சில நிமிடம் பழையதாக இருக்கலாம். 15 நாட்டில் வரும் கப்பல் ஒரு நிமிடத்தில் 460 மீட்டர் கடந்துவிடும். பத்து நிமிடப் பழைய படம் என்றால் நாலரை கிலோமீட்டர் பொய். சிக்னல் போய்விட்டால் அந்தப் படமும் இல்லை.

அப்புறம், கப்பலுக்கு உங்களைத் தெரியுமா? உங்கள் படகில் ஏஐஎஸ் இல்லை. ஃபைபர் உடல் ரேடாரில் சரியாக விழாது. இரவுக் காவலில் நின்றபோது, திரையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் அசைவதைப் பார்த்திருக்கிறேன். அந்த டார்ச் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். 1972-ஆம் ஆண்டு மோதல் தவிர்ப்பு விதிகளில் 5-ஆம் விதி, கண்ணாலும் காதாலும் கிடைக்கிற எல்லா வழியாலும் காவல் இருக்கச் சொல்கிறது. கப்பலுக்குச் சொன்னது படகுக்கும்தான்.

போர்க்கப்பல்கள் இந்தக் கட்டாயத்துக்கு வெளியே. 2017 ஆகஸ்ட் 21-இல் சிங்கப்பூர் அருகே ஆல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதிய அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் அப்போது ஏஐஎஸ் ஒலிபரப்பவில்லை. மோதலுக்கு முதல் காரணம் சுக்கான் கட்டுப்பாட்டில் நேர்ந்த குழப்பம்தான் என்றாலும், ஏஐஎஸ் திரையை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கப்பல் கடலிலேயே இல்லை. பத்து மாலுமிகள் இறந்தார்கள்.

சொந்தப் படகுக்குப் பழைய ஏஐஎஸ் கருவி வாங்குகிறவர்கள் அதிலுள்ள ஒன்பது இலக்க எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். அது முந்தைய படகின் அடையாளம். 533 என்று தொடங்கினால் மலேசியப் படகு என்று தெரியுமே தவிர, உங்கள் படகு ஆகிவிடாது. ஆபத்தில் தேடி வருபவர்கள் வேறொரு படகைத் தேடுவார்கள். உரிமத்தில் உள்ள உங்கள் எண்ணை அதில் பதிந்து வாங்குங்கள். அருகிலுள்ள படகுக்காரரின் திரையில் உங்கள் பெயர் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழுங்கள்.