அருவியைப் பஞ்சாக்கிவிடாதீர்கள்

டிசம்பர் விடுமுறையில் அக்கா மகனை லெனேசியாவிலிருந்து வால்டர் சிசுலு தேசியத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். ஜொகனஸ்பர்க்கின் மேற்கு ஓரத்தில், பாறைச்சுவரில் 70 மீட்டர் உயரத்திலிருந்து விட்பூர்ட்கி அருவி விழும் இடம். கேமராவில், புதிதாக வாங்கிய, ஒளியைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டரை மாட்டி 17 விநாடி ஷட்டரைத் திறந்துவைத்தான். படத்தைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

"மாமா, தண்ணி எங்க போச்சு? பஞ்சு மூட்டையை அவுத்துக் கொட்டின மாதிரி இருக்கே!"

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூடக் கூட நீர் அழகாகும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நீர் வழுக்கி இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் இழை இழையாகப் பிரிந்து நிற்க வேண்டும். அளவு மீறினால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வெறும் வெண்படலம் ஆகிவிடும். வேகமாக விழும் அருவிக்கு 1/4 விநாடியிலிருந்து 1 விநாடி வரை போதும். கற்களுக்கிடையே மெல்ல நெளியும் ஓடைக்கு 1 அல்லது 2 விநாடி கொடுக்கலாம். நெருங்கிப் போய் எடுத்தால் அதே நீர் படத்துக்குள் விரைவாகக் கடந்துவிடும், நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் நின்ற இடத்திலேயே 1/8, 1/4, 1/2, 1 என்று நான்கு எடுத்துவிடுவேன். எது உயிரோடு இருக்கிறது என்று வீட்டில் பெரிய திரையில் பார்த்தால்தான் தெரியும்.

ஃபில்டர் இல்லாதவர்கள் வெயிலில் ஷட்டரை மெதுவாக்க, லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப் 22 வரை மூடிவிடுகிறார்கள். அவ்வளவு சின்னத் துளைக்குள் நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும், பாறையின் வரிகளெல்லாம் மழுங்கிப்போகும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் 8 அல்லது 11 வைத்துக்கொண்டு என்டி ஃபில்டர், அதாவது அந்தக் கறுப்பு ஃபில்டர் போடுங்கள். கணக்கு எளிது: ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும். கேமரா 1/60 விநாடி காட்டும் வெளிச்சத்தில் 6 ஸ்டாப் ஃபில்டர் ஒளியை 64-இல் ஒரு பங்காக்கும், ஷட்டர் ஏறக்குறைய 1 விநாடிக்கு வந்துவிடும். 10 ஸ்டாப் போட்டால் அதே வெளிச்சம் 17 விநாடி கேட்கும். மருமகன் மாட்டியிருந்தது அதைத்தான். பூங்கா ஓடைக்கு ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதானால் 6 ஸ்டாப் வாங்குங்கள்.

மேகம் மூடிய காலையில் பளபளப்பைக் குறைக்கும் சுழல் ஃபில்டரான போலரைசர் மட்டுமே கூடப் போதும். அது ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைக்கும். மெல்லத் திருப்பிப் பாருங்கள்: ஈரக் கல்லின் மேல் மினுங்கும் வெள்ளைப் பளபளப்பு விலகி, அடியிலிருக்கும் பாசியின் பச்சை எழுந்து வரும். அந்த ஒரு நொடிக்காகவே நான் அதை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன்.

இனி, வெளுத்துப்போகும் நீர். சுற்றிலும் கரும்பாறை இருந்தால் கேமரா ஏமாந்து படத்தை வெளிச்சமாக்கிவிடும், நீரின் வெண்மை சுண்ணாம்புபோல் தட்டையாகும். எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் இறக்கி, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் மோதாமல் பாருங்கள். முழுக்க வெளுத்துவிட்ட இடத்தை, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலும் மீட்க முடியாது.

டிரைபாட் இருந்தும் படம் கலங்குகிறதா? விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வையுங்கள். மரப்பாலத்தில் நின்றால் நடப்பவர்கள் போகும்வரை பொறுங்கள். கறுப்பு ஃபில்டரை மாட்டுவதற்கு முன்பே ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், மாட்டிய பிறகு கேமரா இருட்டில் தடவும். காற்றில் இலைகள் ஆடினால், ஃபில்டரைக் கழற்றி 1/125-இல் இன்னொன்று எடுத்து, வீட்டில் இரண்டையும் சேர்க்கலாம்.

படம் முழுக்க நீரையே நிரப்பாதீர்கள். பக்கத்தில் ஒரு கல்லோ பெரணியோ கூர்மையாக நிற்கும்போதுதான் நீரின் மென்மை தெரியும். அருவிப் பாறையில் கருங்கழுகுகள் கூடு கட்டியிருப்பதால் பலர் அண்ணாந்தே நிற்பார்கள். நீங்கள் காலடியில் கிடக்கும் அந்த ஈரக் கல்லைப் பாருங்கள்.

சாரல் லென்ஸில் படிந்தால் துளித்துளியாய்க் கறை விழும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் துடையுங்கள். இங்கே கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். தூரத்தில் முதல் உறுமல் கேட்டதுமே டிரைபாடை மடக்கிக்கொண்டு காருக்குத் திரும்பிவிடுங்கள்.