அரைஞாண் கொடியைக் கழற்றிவிட்டு வாருங்கள்

தருமபுரியில் சி.டி. ஸ்கேன் மெஷினோடு 12 வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். மாங்காய் சீசனில் மரத்திலிருந்து விழுந்தவர்கள், மற்ற நாளில் தொப்பூர் கணவாயில் அடிபட்டவர்கள் என்று தலை ஸ்கேன்தான் அதிகம். மண்டைக்குள் ரத்தம் புதிதாகக் கசிந்திருந்தால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, "காலையில பார்த்துக்கலாம்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பக்கவாதமும் அப்படித்தான். வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டால் உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. ஸ்கேன் 'நார்மல்' என்றதும் வண்டி ஏறிவிடாதீர்கள். முதல் சில மணி நேரம் அடைப்பு படத்தில் தெரியாமலே இருக்கலாம். கசிவு இல்லை என்று உறுதி செய்யத்தான் அந்தப் படம். கசிவு இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

சிறுநீரகக் கல்லுக்கு ஊசி மருந்து இல்லாத ப்ளெயின் ஸ்கேனே போதும். ஆனால் இடுப்பில் ஒன்றும் இருக்கக் கூடாது. பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் "நகையே இல்லப்பா" என்று சாதித்தார். அளவு பார்க்க எடுக்கும் முதல் படத்திலேயே இடுப்பைச் சுற்றிப் பாம்பு மாதிரி வெள்ளி அரைஞாண், கூடவே ஒரு தாயத்து. கேட்டால், "அது கொடி, நகையா?" உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக இழுத்து, கல்லையே மறைத்துவிடும். அதற்காகத் தலை ஸ்கேனுக்கு மெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை. ஹேர்பின், தோடு, மூக்குத்தி, கழற்றுகிற பல்செட், இவை போதும். (காந்த மெஷின் எம்.ஆர்.ஐ. கதை வேறு.)

கட்டி, சீழ், ரத்தக்குழாய் பார்க்கப் பெரும்பாலும் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் (படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து) ஊசி போடுவோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, அதாவது கிரியாட்டினின் ரிப்போர்ட் கொண்டு வாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்பு இந்த ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலும், நாள் தள்ளிப்போயிருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், ஒண்ணுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும். போயிருக்காது, அசையாமல் படுத்திருங்கள். அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் சத்தம் போடுங்கள், மைக்கில் எங்களுக்குக் கேட்கும்.

சாதாரணத் தலைவலிக்கு நீங்களே வந்து ஸ்கேன் கேட்காதீர்கள், இது எக்ஸ்ரே கதிர்தான். அப்புறம், பழைய ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல் ஃபிலிமையும் கொண்டு வாருங்கள். போன வருஷம் பார்த்த கட்டி வளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்.