மீனில் பாதரசம் எவ்வளவு? கணக்கு பிசகும் இடங்கள்

கடல் மீனில் பாதரசம், காட்மியம் என்று ஏதாவது ஓர் ஆய்வறிக்கை வந்தால் எல்லோரும் கடைசிப் பக்கத்து அட்டவணைக்குத்தான் ஓடுகிறார்கள். நான் முதலில் தேடுவது மீனை எங்கே எடுத்தார்கள் என்ற வரியை. அங்கே ‘காசிமேடு துறைமுகம்’ என்று மட்டும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். காசிமேட்டு விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலில் தங்கி, ஆந்திரக் கரை வரை போய்த் தொழில் செய்பவை. சூரையோ பெருங்கடலில் ஓடித் திரிகிற மீன். ஏலத்தில் எடுத்த சூரையை வைத்து, காசிமேட்டுக்கு வடக்கே இருக்கிற எண்ணூர்க் கடலைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் எப்படி? எண்ணூரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அங்கேயே கிடக்கிற மடவை, கிழங்கான், பச்சை ஆளி இவற்றைப் பிடித்தவரிடமே இடம் கேட்டு வாங்க வேண்டும். மக்கள் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் கேள்வி என்றால், சரி, அதற்குச் சந்தை மீனே போதும்.

அப்புறம், மீனின் நீளம். இதைக் குறிக்காமல் விடுவதுதான் என் கணக்கில் மிகப் பெரிய பிழை. மீனில் பாதரசம் பெரும்பாலும் இருப்பது மீத்தைல் பாதரசம் என்ற வடிவில்; அது உடம்பை விட்டு லேசில் வெளியேறாது. வயது ஏற ஏறச் சேரும், சின்ன மீனைத் தின்கிற பெரிய மீனில் இன்னும் குவியும். இந்த வருடம் அரை கிலோ வஞ்சிரம், அடுத்த வருடம் நாலு கிலோ வஞ்சிரம் என்று சோதித்துவிட்டு ‘கடலில் பாதரசம் கூடிவிட்டது’ என்று எழுதினால், உண்மையில் கூடியது மீனின் வயதாக இருக்கலாம். சுறாவையும் மத்தியையும் சேர்த்துச் சராசரி போடுவதும் இதே ரகம்.

எடைக் குழப்பம் இன்னொன்று. மீன் சதையில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ தண்ணீர். காயவைத்துப் பொடித்துச் சோதித்த மீனில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் பாதரசம் இருந்தால், பச்சை மீன் கணக்கில் அது ஏறக்குறைய 0.4 முதல் 0.5தான். உணவு வரம்புகளோ பச்சை மீனுக்கானவை. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2018இல் மீத்தைல் பாதரசத்துக்கு வைத்த வரம்பு, கிலோவுக்கு, சூரைக்கு 1.2, சுறாவுக்கு 1.6 மில்லிகிராம். உலர் எடை எண்ணை இதோடு நேராக ஒப்பிட்டால் ஒழுங்கான மீனும் விஷமாகத் தெரியும்.

ஆர்செனிக்கிலும் இப்படி ஒரு பொய்ப் பயம் உண்டு. கடல் மீனில் மொத்த ஆர்செனிக் எப்போதுமே தாராளமாக இருக்கும். அதில் பெரும்பகுதி ஆர்செனோபீட்டைன் என்ற, உடம்புக்குக் கெடுதி செய்யாத வடிவம். கனிம ஆர்செனிக்கைத் தனியாகப் பிரித்துச் சொல்லாத அறிக்கையை வைத்துப் பதற வேண்டியதில்லை.

சோதனைக்கூடத்துத் தவறுகள் சின்னச் சின்னவை. உலோகம் பார்க்கப் போகிற மீனை அலுமினியத் தாளில் சுற்றுவார்கள். அதற்கு நல்ல பாலித்தீன் பைதான் சரி. பி.சி.பி. (குளோரின் கலந்த தொழிற்சாலை வேதிப்பொருள்) போன்ற கரிமச் சேர்மங்களுக்கு நேர் எதிர்: அலுமினியத் தாளோ கண்ணாடியோ வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. திறந்த பாத்திரத்தில் அமிலம் ஊற்றிச் சூடுபடுத்தினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், முடிவும் அழகாகக் குறைந்து வரும். ‘கண்டறியப்படவில்லை’ என்பதைப் பூஜ்யம் என்று எழுதுகிறவர்கள், கருவி எந்த அளவு வரை பார்க்கும் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

எண்ணெய்க் கசிவுக்குப் பிந்தைய சோதனையில் வருவது வேறு வகைச் சறுக்கல். எண்ணூர்ப் பக்கம் 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் பரவியது. அப்படிப்பட்ட நேரத்தில் மீன் சதையில் எண்ணெயிலுள்ள நச்சுச் சேர்மங்களான நறுமண ஹைட்ரோகார்பன்களைத் தேடினால் பெரும்பாலும் கொஞ்சம்தான் கிடைக்கும். மீனுக்கு எண்ணெய் படவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. மீனின் கல்லீரல் அவற்றைச் சீக்கிரமே உருமாற்றிப் பித்தநீருக்கு அனுப்பிவிடும். சாப்பிடலாமா என்று பார்க்கச் சதை. மீன் எண்ணெயில் நீந்தியதா என்று பார்க்கப் பித்தம். ஆளிக்கு அந்த உருமாற்றும் திறன் குறைவு என்பதால் அதன் சதையிலேயே சேர்மங்கள் தங்கியிருக்கும். இரை தின்ற மீனின் பித்தப்பை காலியாகிவிடும், அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முழு மீனாகக் கேட்டு வாங்குங்கள். மார்க்கெட்டில் வெட்டிக் கழுவித் தரும்போது முதலில் குப்பைக்குப் போவது குடலும் அந்தப் பித்தப்பையும்தான்.